சிவப்பு மண்ணில் சிவகாமி அக்கா

பிரிக்பீல்ட்ஸ் சந்தையில் காலையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. சிவகாமி அக்காவின் மகன் குமரன். “ஆன்டி, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே” என்றான். வாங்கிய கீரையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கிள்ளானில் கார் ஓட்டும் பெண்களுக்கு அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்களில் பலர் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் முதன்முதலாக ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பீர்கள். அவர் சொல்லிக்கொடுத்த அதே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் நான் கவுண்டரில் வேலை பார்த்தேன். எத்தனையோ பேருக்கு லைசென்ஸ் பதிவு செய்து கொடுத்தவள், என் லைசென்ஸைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பையில் வைத்திருந்தேனே தவிர வண்டியைத் தொட்டதில்லை. பயம். அதைப் பற்றி அக்கா என்னைக் கேலி செய்ததே இல்லை.

இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அக்கா, “ஆஸ்திரேலியா பாலைவனத்துக்குப் போறோம் வசந்தி. கேம்பர் வேன்ல. நான் ஓட்டுறேன், நீ சமை” என்றார். குமரன் பதறிவிட்டான். “இந்த வயசுல எதுக்கும்மா? டூர் பஸ்ல போங்க லா.”

“காலம் பூரா பக்கத்து சீட்டுல உட்கார்ந்து பிரேக் மிதிச்சவடா நான். ஒரு தடவையாவது சிக்னல் இல்லாத ரோட்டுல நானே ஓட்டிப் பார்க்கணும்” என்றார் அக்கா. வேனை வாடகைக்கு எடுத்தபோது இரண்டாவது ஓட்டுநராக என் பெயரையும் சேர்த்துவிட்டார். “சும்மா இருக்கட்டும்” என்றார்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து கிளம்பிய முதல் சில நாட்கள் அவருடையவை. இருபுறமும் சிவப்பு மண், ஆளுயரப் புற்றுகள், நடுவே கோடு கிழித்ததுபோல ஒரு சாலை. அக்கா பாடிக்கொண்டே ஓட்டினார். மாலையில் வேனின் பின்கதவைத் திறந்து, சார்டின் மீனில் காரமாகச் சம்பல் தாளித்துச் சோற்றோடு சாப்பிட்டோம். எங்களை மொய்த்த ஈக்களைப் பார்த்து, “இதுங்களுக்கும் சம்பல் புடிச்சிருக்கு” என்று சிரித்தார்.

பிறகுதான் அது நடந்தது. வறண்ட ஓர் ஆற்றுப்படுகையைப் பார்க்க இறங்கியவர், கல் புரண்டு விழுந்தார். வலது கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது. பாதத்தை ஊன்ற முடியவில்லை. கைப்பேசியில் தொடர்பு இல்லை. காத்திருந்து பார்த்தோம், ஒரு வண்டியும் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இருந்த தண்ணீரில் பாதி தீர்ந்துவிட்டது.

“சாவியை எடு” என்றார்.

“அக்கா, என்னால முடியாது.”

“எனக்குக் காலுதான் உடைஞ்சிருக்கு. வாய் உடையலையே? நான் சொல்றேன், நீ ஓட்டு.”

அவரைத் தாங்கிப் பிடித்து இடப்பக்க இருக்கையில் ஏற்றினேன். வலியில் அவர் முகம் வியர்த்துக் கொட்டியது. ஆனால் அவர் குரல், பயிற்சித் திடலில் புதிதாக வந்த பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கும் அதே குரல்தான். “கண்ணாடியைப் பாரு. மெதுவா விடு. அவசரம் யாருக்கும் இல்ல.”

கொஞ்ச தூரம் போனதும் எதிரே ஒரு ராட்சச லோரி வந்தது. ஒன்றின் பின் ஒன்றாக மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு, ரயில் போல. “அக்கா, லோரி!” என்று கத்தினேன்.

“வரட்டும். அதைப் பார்க்காத, உன் ரோட்டைப் பாரு. கண்ணு எங்க போகுதோ வண்டியும் அங்கதான் போகும். கெட்டியா புடி.”

காற்று வேனை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போனது. நாங்கள் சாலையிலேயே இருந்தோம்.

பொழுது சாய்வதற்குள் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்தோம். மருத்துவமனை வாசலில் நான் வேனை நிறுத்திய பிறகுதான் அக்கா முதன்முறையாக, “அம்மா…” என்று முனகினார். அதுவரை அந்த வலியை எனக்குக் காட்டாமல் அடக்கி வைத்திருக்கிறார். காட்டியிருந்தால் நான் வண்டியை நிறுத்தியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர் வீடு திரும்பச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். “மிச்ச பாலைவனம் அங்கேயே இருக்கு. டிரைவர் என்ன சொல்றீங்க?”

போனோம். பாலைவனத்தின் மறுகோடி வரை நான்தான் ஓட்டினேன். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு, அக்கா ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தார். தான் ஆசைப்பட்ட சாலை இன்னொருத்தி கைக்குப் போய்விட்டதே என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடைசி நாள் வேனின் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது, என் தோளில் தட்டி, “டெஸ்ட்ல பாஸ்” என்றார். அவ்வளவுதான்.

கிள்ளானில் அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். மின்சுடலை வரை அமரர் ஊர்திக்குப் பின்னால் நீண்ட அந்த வரிசையில் பெரும்பாலான வண்டிகளை ஓட்டியவர்கள் பெண்கள். பள்ளி வேன் ஓட்டுபவர், மருத்துவமனைத் தாதி, சீருடையோடு வந்த லோரி ஓட்டுநர் ஒருவர். அழுதுகொண்டேதான் ஓட்டினோம், ஆனால் ஒருவரும் வரிசை தவறவில்லை. அக்கா பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். நாங்கள் அவரை நினைத்துப் பெருமைப்பட்டோம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். தன் வலியைவிட என் பயத்தைப் பெரிதாக எண்ணி, அதற்கு முதலில் மருந்து தேடிய அந்த நிதானமான குரல்.