பிடிக்காது என்று சொன்ன பிள்ளை

எல்கடுவையிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில் அந்தச் சிங்களப் பிள்ளையை அடிக்கடி பார்ப்பேன். பதினாறு, பதினேழு வயது. வெள்ளைக் கவுன், கழுத்தில் ஸ்கூல் டை, இரட்டைப் பின்னல். எங்களைப் போன்ற தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஆட்கள் பக்கத்தில் உட்காராதபடி பையைச் சீட்டில் வைத்துக்கொள்வாள். புலிகளுக்கும் ஆமிக்கும் சண்டை நடந்த காலம். நாங்கள் ஏறினால் பின் சீட்டுப் பையன்கள் "புலி ஏறுது" என்று கத்துவார்கள். அவள் கத்த மாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவ்வளவுதான்.

ஒரு நாள் என் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கும் அதே வயது. அடையாள அட்டை இன்னும் கிடைக்கவில்லை. செக் பொயின்டில் ஆம்பிளைகள் இறங்க வேண்டும், எங்களைப் போலப் பொம்பிளைகள் உட்கார்ந்திருக்கலாம். புலி என்று கத்திய பையன்களும் இறங்கி, பையைத் திறந்து காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். உள்ளே ஏறிய ஆமிக்காரன் என் மகளிடம் அட்டை கேட்டான். இல்லை என்றதும், "எறங்கு" என்றான். அப்படி இறங்கிய சிலர் வீடு திரும்பவே இல்லை. நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பிள்ளை எழும்பினாள். "இவ என்னோட வந்தவ அண்ணே, எங்க ஊருதான்" என்று சிங்களத்தில் சொன்னாள். அவன் அவள் டையைப் பார்த்தான். விட்டுவிட்டான்.

"நீ நல்லாயிருக்கணும் புள்ள" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்குத் தமிழாளுங்களப் புடிக்காது. இன்னைக்கு எனக்கு ஸ்கூல்ல பரீட்சை. இவள எறக்கினா பஸ் இங்கயே நிக்கும்."

ஆளைப் பிடித்தால் பஸ் அதற்காக நிற்பதில்லை. பிடித்த ஆளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடும். தினமும் அதில் போகிறவளுக்கு அது தெரியாமலா இருக்கும்?