மழைராசிக்காரி

நான் கல்யாணமாகி வந்த வருஷம் நாரணாபுரத்தில் பெய்த மழைக்கெல்லாம் நான்தான் காரணம் என்று புகுந்த வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். இன்று சொல்லும்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது. அன்று உடம்பெல்லாம் எரிந்தது.

நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம். அப்பாவுக்கு அங்கே மளிகைக் கடை. சரக்கு வாங்க வருகிறவர்கள் எல்லாம் வயல்காரர்கள். மழை பெய்தால் அவர்கள் முகம் மலரும், அதைப் பார்த்து அப்பாவின் முகமும் மலரும். மழை வந்தால் வாசலுக்கு ஓடிப்போய் நின்று பார்ப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த மரியாதை. வாழ்க்கைப்பட்டதோ கம்பி மத்தாப்பு கம்பெனி வைத்திருக்கும் வீட்டில். சட்டத்தில் வரிசையாகச் செருகிய கம்பிகளை மருந்துக் குழம்பில் முக்கி வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்ததும் மறுபடி முக்கி, மறுபடி காயவைப்பார்கள். நடுவில் மழை விழுந்தால் மருந்தெல்லாம் கரைந்து தரையில் வடிந்துவிடும். அந்த ஊரில் இரண்டு பேர் சந்தித்தால், சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்கு முன் வெயில் எப்படி என்றுதான் கேட்பார்கள்.

ஆடிக்குத் தாய்வீடு போய்விட்டு ஆவணியில் திரும்பினேன். புரட்டாசியில் ஒரு மத்தியானம் வானம் கறுத்து, பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. பழக்கதோஷம். முற்றத்தில் இறங்கி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "ஆகா, நல்ல மழை!" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் கம்பெனியில் என் கணவரும் ஆட்களும் காய்ந்துகொண்டிருந்த சட்டங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். இங்கே என் முதுகுக்குப் பின்னால் பெரியம்மா நின்றுகொண்டிருந்தார்.

பெரியம்மா என்றால் என் மாமனாரின் அக்கா. முறைக்கு எனக்குப் பெரியம்மா. வீடு அடுத்த தெருவில் என்றாலும் பகலெல்லாம் எங்கள் வீட்டில்தான் இருப்பார். அவர் ஒன்று சொன்னால் மாமனாரே மறுபேச்சுப் பேசமாட்டார்.

"நல்ல மழையாம்ல! அங்கன அம்புட்டுச் சரக்கும் கரைஞ்சு ஓடுது, இவ இங்கன கைய நீட்டி வரவேற்கா!" என்றார்.

அதற்கப்புறம் மழை விட்டபாடில்லை. காலையில் நம்பிக்கையாக வெயில் அடிக்கும். சட்டங்களை வெளியே வைத்ததும் மழை வரும். ஒவ்வொரு தடவையும் பெரியம்மா வானத்தைப் பார்க்கமாட்டார், என்னைத்தான் பார்ப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், "மழைராசிக்காரியக் கொண்டாந்து வச்சிருக்கோம்" என்று என்னைக் காட்டினார். எங்கள் ஊரில் ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால் உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "சீசன் முடியுத மட்டும் இவ ஆத்தா வீட்ல இருக்கட்டும். தலைதீபாவளிக்கு எப்படியும் போகப் போறவதான. முன்னாடியே போகட்டும்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. தலைதீபாவளிக்குப் புருஷனோடு ஜோடியாகப் போய் இறங்க வேண்டியவள், முன்கூட்டியே தனியாகப் பெட்டியோடு போய் நின்றால் அம்மா தெருவில் எப்படித் தலைகாட்டுவாள்? அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. நான் கிளம்பியதும் மழை நின்று தொலைத்தால், ஆயுசுக்கும் அந்தப் பட்டத்தோடுதான் இந்த வீட்டில் வாழ வேண்டும். கணவரைப் பார்த்தேன். அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபம் வந்தால் எனக்கு அழுகை வராது, வாய்தான் வரும். "போறேன் பெரியம்மா. ஆனா நான் போயும் மழை நிக்கலேன்னா, நீங்கதான் வந்து என்னைக் கூட்டிட்டு வரணும். வேற யாரு கூப்பிட்டாலும் வரமாட்டேன்" என்றேன்.

"வாரேன், அதுக்கென்ன. பஸ்ஸா இல்ல ஊர்ல?" என்று சிரித்தார். ஜெயித்துவிட்ட சிரிப்பு.

எங்கள் ஊரில் பொட்டு மழை இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அம்மா அழுதாள். அப்பா கடையிலிருந்து வந்து கேட்டுவிட்டு, "இவளுக்கு அவ்வளவு ராசி இருந்தா இங்க இந்நேரம் ஆறு கரைபுரளணுமே!" என்றார். அம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான்.

தினமும் சாயங்காலம் கணவர் போன் செய்வார். "மழையா?" என்பேன். "மழைதான்" என்பார். முதல் இரண்டு நாள் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. பிறகு அவர் குரல் தேய்ந்துகொண்டே வந்தது, என் சந்தோஷமும் தேய்ந்தது. பாவம், சீசனே கண்முன்னால் கரைந்துபோகிறது, பெரியம்மாவுக்கு யாரையாவது திட்டினால்தான் மனசு ஆறும் என்று தோன்றியது. ஆனாலும் நானாகத் திரும்பிப் போவதில்லை என்றிருந்தேன்.

ஐப்பசி பிறந்து சில நாளில், ஒரு பை நிறையக் காரச்சேவோடு பெரியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். "வாங்கக்கா" என்று அம்மா ஓடினாள். "சொன்ன சொல்லுக்கு வந்துருக்கேன்" என்றார் என்னைப் பார்க்காமல். அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் அவர் பழக்கத்தில் கிடையாது.

காபி டம்ளரைக் கையில் வாங்கியிருப்பார், இடி இடித்தது. அடுத்த நிமிஷம் கொட்டு கொட்டென்று கொட்டியது. தெருவே வெளியில் வந்து நின்றது. பக்கத்து வீட்டு அக்கா நனைந்துகொண்டே ஓடிவந்து பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தியம்மா காலடி வச்ச நேரம் மழை வந்துட்டு! என்ன ராசிங்க ஒங்களுக்கு!"

பெரியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இந்தப் பேச்சு நாரணாபுரம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆவது!

"அய்யய்யோ, அப்பிடிச் சொல்லாதீக! எனக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? ஐப்பசி மாசம், மழை பெய்யத்தான செய்யும்!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டு காரச்சேவுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

பெரியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "காலைல மொத பஸ்ஸுக்குக் கெளம்பிருவோம் புள்ள" என்றார். "தலைதீபாவளிக்கு நீ அவனோட சேந்துல்ல வந்து எறங்கணும்."