ஒரு சாண் மண்

கூட வேலை செய்கிறவளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது? நன்றாகவே எரிந்தது.

நாங்கள் இருவரும் சுங்கை வேயில் ஒரு சின்ன மண் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறோம். நான் கிள்ளானிலிருந்து தினமும் கொம்யூட்டர் ரயிலில் நசுங்கி வருகிறவள். அவள் செராஸ்காரி, என்னைவிடச் சின்னவள், எனக்குப் பிறகு சேர்ந்தவள். ஆகரைப் பிடிக்கவே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மண்ணுக்குள் திருகி இறக்கி மாதிரி எடுக்கிற இரும்புக் கம்பிதான் ஆகர்.

இங்குள்ள மாட்டு வியாபாரி ஒருவர் ஆஸ்திரேலியாவில் மழை குறைந்த மலையடிவாரத்தில் மேய்ச்சல் நிலம் குத்தகைக்குப் பார்த்திருந்தார். அடியில் ஷேல் பாறை, ஏடு ஏடாகப் பிரிகிற களிப்பாறை. அதன்மேல் மண் எவ்வளவு ஆழம் என்று தெரிய வேண்டும். மண் ஆழமாக இருந்தால் ஈரம் நிற்கும், புல் நிற்கும், மாடு நிற்கும். இல்லையென்றால் மொட்டைக்காடுதான். எங்கள் பாஸிடம் வேலை வந்தது. நான் போகிறேன் என்று முதலில் வாய் திறந்து கேட்டவள் நான்.

"உனக்குப் புருஷன், புள்ளைங்கன்னு இருக்காங்கம்மா. அந்தப் பொண்ணு தனி ஆளு, சட்டுனு போயிட்டு வந்துரும்" என்றார் பாஸ். என் வீட்டுக்காரர் என்னமோ என் காலைச் சங்கிலியில் கட்டிப் போட்டிருக்கிற மாதிரி.

அவள் போனாள். போனவள் சும்மா இருந்தாளா? பொழுது விடிந்தால் வாட்ஸ்அப்பில் படம். தொப்பி போட்டுக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, பின்னால் சாம்பல் நிறக் குன்றுகள். வானம் அவ்வளவு பெரிதாக இருக்குமா என்ன? நான் ஒற்றைக் கையால் ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையெல்லாம் பார்ப்பேன். "சூப்பர் லா" என்று பதில் போடுவேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

ஒரு வீடியோவை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குன்றின் சரிவில் அவள் ஆகரைத் திருகுகிறாள். ஒரு சாண்கூட இறங்கவில்லை, டக்கென்று தட்டுகிறது. தூக்கிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போகிறாள். மறுபடி டக். இன்னும் கொஞ்சம் கீழே, புல் பச்சையாக இருக்கிற இடத்துக்கு வருகிறாள். அங்கே ஆகர் சுகமாக இறங்குகிறது. "கிடைச்சிருச்சு!" என்று சிரிக்கிறாள்.

முதலில் அவள் சிரிப்புதான் என்னை எரித்தது. பிறகு அவள் அங்கிருந்து அனுப்பிய மாதிரிகள் வந்து, சலித்தபோதுதான் பொறி தட்டியது. ஷேல் மேல் கிடக்கிற மண் என்றால் சல்லடையில் கல் ஏடுகள் நிறைய நிற்க வேண்டும். நிற்கவில்லை. பைக்குப் பை நைசான மண்.

எங்கள் ஊரில் ஆள் உயரம் தோண்டினாலும் மண்தான். ஆகர் கல்லில் தட்டினால் ஏதோ உதிரிக் கல் என்று நகர்ந்துவிடுவோம். எல்லோரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். அங்கே அந்தக் கல்தான் நிலமே. இவள் அதை விட்டுவிட்டு, மழை மண்ணை அரித்துக் கொண்டுவந்து சேர்க்கிற பள்ளமாகப் பார்த்து எடுத்து அனுப்பியிருக்கிறாள். அதை நம்பி அந்த மனிதர் மாட்டை இறக்கினால் பாவம் மாடுகள். நான் போயிருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன். ஆனால் நான் போகவில்லையே!

அவள் திரும்பி வந்ததும் பாஸ் எங்கள் இருவரையும் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனார். அவளைப் பாராட்டத்தான். இலையில் சோறு விழுந்ததும் நான் ஆரம்பித்தேன்.

"பாஸ், அத்தனையும் பள்ளத்து மண்ணு. மேட்டுல எடுத்தது ஒண்ணுகூட இல்ல. வேணும்னா அவளையே கேளுங்க."

அவள் முகம் செத்துப்போனது. எனக்கு அப்போது குளுகுளுவென்று இருந்தது, சத்தியமாக. பாஸ் சாப்பிடுவதை நிறுத்தினார். "அப்படியாம்மா?"

அவள் தலையாட்டினாள். "ஆமா பாஸ். கல்லு தட்டுன இடத்தையெல்லாம் விட்டுட்டேன். அக்கா சொல்றது சரிதான்."

"அப்போ மறுபடியும் போய் எடுக்கணும்."

இதற்காகத்தானே காத்திருந்தேன்! "நான் போறேன் பாஸ். பாஸ்போர்ட்கூடப் புதுசு பண்ணிட்டேன்."

"அக்காவே போகட்டும் பாஸ்" என்றாள் அவள். "அவங்களுக்குத்தான் விஷயம் புரியுது."

அப்படி அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். பாஸ் என்னைப் பார்த்தார். "எந்தெந்த இடத்துல தட்டுச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்கு எப்படித் தெரியும்? பாஸ் அவள் பக்கம் திரும்பினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஞாபகம் இருக்கு பாஸ். ஒவ்வொண்ணும்."

"அப்புறம் என்ன? நீயே போ. விட்ட இடத்தையெல்லாம் எடுத்துட்டு வா."

நானாக வாயைத் திறந்து, நானாக எடுத்துச் சொல்லி, அவளுக்கு இரண்டாவது டிக்கெட்டையும் நானே வாங்கிக் கொடுத்தாயிற்று. சோற்றைப் பிசைந்தேன். பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் மெல்ல என் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, அழாதீங்க லா."

"யாரு அழுறா? ரசத்துல மிளகு ஜாஸ்தி" என்றேன்.

என் இலையில் யாரும் இன்னும் ரசம் ஊற்றியிருக்கவில்லை.