அத்தையைப் பார்க்க வந்த அதிகாரி

வெளியார் வீட்டுக்கு வந்து ஒரு பெண் எப்படிப்பட்டவள் என்று பார்த்துவிட்டுப் போவதற்கு எங்கள் குடும்பத்தில் பெண் பார்க்கும் முறை ஒன்றுதான் உண்டு. அதனால் அத்தையின் மேலதிகாரி சிங்கப்பூரிலிருந்து, கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்றதும் அம்மா கேசரிக்கு ரவையை வறுக்கத் தொடங்கினார்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கண்டியில் ஒரு வெளிநாட்டு வங்கிக் கிளையில் கவுன்டருக்குப் பின்னால் நின்று தொடங்கியவர். அப்போது கொழும்பில், ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு சொல்லும் பதவிக்கு வந்திருந்தார். கோட் போட்ட முதலாளிமார் அவருடைய அறைக்கு வெளியே காத்திருப்பார்களாம். அந்த அதிகாரமெல்லாம் எங்கள் வீட்டு வாசலோடு சரி. ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பா அவரைக் கண்டிக்குக் கூட்டிப்போய், கொழும்பு பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோர சீட் கிடைத்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்.

அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னால் அத்தையைத் துபாய்க்கு அனுப்ப வங்கி விரும்பியது. கல்யாணமாகாத பிள்ளை தனியாகக் கடல் கடந்து போவதா என்று அப்பா மறுத்துவிட்டார். எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக்கூடிய அத்தை, அண்ணனிடம் "சரிண்ணே" என்றார். அதன் பிறகு வெகு நாள் வரை அவர் குண்டசாலைப் பக்கமே வரவில்லை. அப்பாவும் ஞாயிறு மாலைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

இந்த முறை பதவி உயர்வு வரப்போகிறது என்று மட்டும் அத்தை சொல்லியிருந்தார். எந்த ஊரில் என்று சொல்லவில்லை. கொழும்பில்தான் என்று வீட்டில் தாமாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

முதல் நாளே வந்துவிட்ட அத்தை, காலையில் கால்சட்டையும் கோட்டுமாகத் தயாராகி வெளியே வந்தார். அம்மா அவரைத் திரும்ப அறைக்குள் இழுத்துப் போனார்.

"அண்ணி, இது ஆபீஸ் விசயம்."

"எந்த விசயமா இருந்தா என்னம்மா, பாக்க வர்றவங்க கண்ணுக்கு லெச்சணமா இருக்க வேணாமா?"

அத்தை பட்டுச் சேலையிலும் மல்லிகைச் சரத்திலும் வெளியே வந்தார். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்திடமிருந்து குஷன் வைத்த கதிரை ஒன்று இரவலாக வந்தது. வரப்போகிற அதிகாரியம்மா ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும் என்று அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கையும் ஏற்றி வைத்தார்.

விருந்தாளி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெரிய அம்மையார். கடுகண்ணாவை மலைப்பாதையின் வளைவுகளில் ஏறி, பேராதனைப் பூங்காவையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தார். குஷன் கதிரையில் உட்கார்ந்தவருக்கு முன்னால், அம்மா சொல்லிக்கொடுத்தபடி, அத்தை தலையைக் குனிந்துகொண்டு தட்டோடு வந்தார். அந்த அம்மையார் பதறி எழுந்து தட்டை வாங்கப் பார்த்தார். பக்கத்துக் கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். அடுப்படிக் கதவோரம் என்னைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா கண்ணாலேயே வேண்டாமென்றார். அத்தை நின்றுகொண்டார்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலைக் கந்தோரில் கிளாக்கராக இருந்தார். இங்கிலீசை வாசிப்பார், எழுதுவார். பேசத்தான் நாக்கு எழும்பாது. ஆகவே தங்கையின் பெருமைகளை அவர் தமிழில் சொல்ல, தங்கையே அவற்றை மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

"எங்க தங்கச்சி அதிர்ந்து பேசமாட்டா. பெரியவங்க சொல்லுக்கு மறுபேச்சே கெடையாது. சொல்லும்மா."

அத்தை ஒரு சொல் விடாமல் சொன்னார். வங்கிக் கூட்டங்களில் அத்தையைப் பார்த்திருந்த அம்மையாருக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. "புடிச்சுப்போச்சு," என்று அம்மா என் காதில் சொன்னார்.

"சமையலும் நல்லா வரும். இந்த வடை அவ சுட்டதுதான்."

அது அப்பட்டமான பொய். அதையும் அத்தை முகம் மாறாமல் மொழிபெயர்த்தார். எனக்கு அவர்மேல் இருந்த பிரியம் அந்த நிமிடத்தில் இரண்டு மடங்காகியது.

பிறகு அம்மையார் கோப்பையைக் கீழே வைத்தார். அப்பாவின் பக்கம் திரும்பி, ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கே விளங்கும் அளவுக்கு நிறுத்தி நிறுத்திப் பேசினார். போன முறை குடும்பத்துக்காக இவள் மறுத்துவிட்டாள். இப்போது நான் தரப்போவது சிங்கப்பூரில் உள்ள பதவி. எனக்கு இவள்தான் வேண்டும். இந்த முறை அனுப்புவீர்களா?

அத்தை தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, வடைக்கு என்ன பருப்பு போட்டிருக்குன்னு கேக்குறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லப்பா, அவங்க..." என்று தொடங்கினேன். அம்மா நறுக்கென்று கிள்ளினார்.

அப்பா ஒரு வடையை எடுத்தார், பிட்டார், தின்னாமல் திரும்பவும் வைத்தார். நிமிர்ந்தபோது விருந்தாளியைப் பார்க்காமல் தங்கையைத்தான் பார்த்தார்.

"போகட்டும்னு சொல்லு. போன தடவ அண்ணந்தான் தப்பு பண்ணிட்டேன். அதையும் சொல்லிரு."

பின்னாளில் சிங்கப்பூரிலும் லண்டனிலும் பெரிய பெரிய மேசைகளின் தலைமாட்டில் உட்கார்ந்து அத்தை எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறார். அன்று அவருக்குப் பேச வரவில்லை. அம்மையார் காத்திருந்தார். அப்பா வடைத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய வங்கியில் வேலை செய்பவருக்கு இந்தச் சின்னப் பேச்சுக்கு இங்கிலீசு மறந்துபோய்விட்டதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினேன். சேலையைப் பிடித்து இழுத்து அத்தையைக் குனியவைத்து, பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசில் அப்பா சொன்னதை அவர் காதுக்குள் சொல்லிக்கொடுத்தேன்.