அஞ்சலை பேரில் வந்த மாடு

போன செவ்வாய்க்கிழமை ஒரு குடும்பத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் வக்கீல் இல்லை. பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவன். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு அது தெரியும்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல். ரோடெல்லாம் வெட்டிப் போட்ட மரம். பஸ் இல்லை. கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கிற பாய் பாத்திரக் கடை வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்து ஊரிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டை நனைந்திருந்தது.

“ஏழுமலை கல்யாணத்துக்கு சீர் சாமானுக்கெல்லாம் பேரு வெட்டினது நீங்கதானே? பஞ்சாயத்துல கூப்புடுறாங்க.”

எனக்குப் படிப்பு மூன்றாவது வரைதான். எதையாவது தப்பாக வெட்டிவிட்டேனோ?

“அதில்லீங்க. புருசனையும் பொண்டாட்டியையும் தீர்த்து வுடுறாங்க. சாமான் பிரிக்கணும். புளி போட்டுத் தேச்சித் தேச்சி எழுத்து போயிட்ச்சி. வெட்டினவருதான் படிக்கணும்னு ரெண்டு பக்கமும் சொல்றாங்க.”

பாய் பீடியைக் கீழே போட்டார். “போய்ட்டு வா. இங்க மட்டும் இன்னா வியாபாரம் ஆவுது?”

உளிப் பையை எடுத்துக்கொண்டு அவர் சைக்கிளில் பின்னால் ஏறினேன். மரம் குறுக்கே கிடக்கிற இடத்திலெல்லாம் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும். ஓரிடத்தில் மறியல்காரர்களே ஒரு கை பிடித்தார்கள்.

“எங்க போறீங்க?”

“புருசன் பொண்டாட்டி சாமானைப் பிரிக்க.”

“போங்க, போங்க. பங்கு கேட்டுத்தான் நாங்களும் இங்க குந்திகினு இருக்கோம்.”

ஏழுமலையின் வீடு அவன் நிலத்திலேயே இருக்கிறது. வீட்டை ஒட்டிக் கிணறு. எதிரே கல்வராயன் மலை. வாசலில் பாத்திரமெல்லாம் பரப்பியிருந்தார்கள். ஒரு பக்கம் ஏழுமலை, அவன் அம்மா, பங்காளிகள். இன்னொரு பக்கம் அஞ்சலை, அவள் அண்ணன். நடுவில் ஊர்ப் பெரியவர்.

சண்டை ஒரு பித்தளை அண்டாவில் நின்றுகொண்டிருந்தது. அது தன் காசில் வாங்கியது என்றாள் மாமியார்.

அஞ்சலை விடவில்லை. “பேச்சே வாணாம். பேரு யாருதோ, பொருளு அவங்களுது. அவ்ளோதான்.”

பெரியவர் ஏழுமலையைப் பார்த்தார். “உனக்கு சம்மதமா?”

“சம்மதங்க,” என்றான். உடனே சொன்னான். கொஞ்சமும் யோசிக்கவில்லை. அப்போதே எனக்குத் தட்டியிருக்க வேண்டும்... தட்டவில்லை.

அண்டாவைச் சாய்த்து வெயிலுக்குக் காட்டினேன். விரலால் தடவினேன். கண்ணுக்குத் தெரியாத உளிப் புள்ளி விரலுக்குத் தெரியும். அஞ்சலையின் அப்பா பேர்தான். சொன்னேன். குடம், தவலை, தாம்பாளம், சொம்பு – ஒவ்வொன்றாகப் படித்தேன். முக்கால்வாசி அவள் பக்கம் போனது. அண்ணன்காரன் கோணியை விரித்து அடுக்கிக்கொண்டே இருந்தான். அஞ்சலையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஜெயித்துவிட்ட முகம்.

நிலம் ஏழுமலை பேரில். பட்டாவைக் காட்டினான். வீடும் கிணறும் அதற்குள் அடக்கம். அது அவளே சொன்ன சட்டம்.

எல்லாம் முடிந்தது என்று துண்டை உதறினேன். ஏழுமலை சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான்.

“இதையும் கொஞ்சம் படிச்சிட்டுப் போங்க.”

பேங்க் நோட்டீஸ். கறவை மாட்டு லோன். தவணை கட்டாமல் நிற்கிறது. மேலே பேர் இருந்தது. வாய்விட்டுப் படித்துவிட்டேன்.

“அஞ்சலை. கணவர் பேர் ஏழுமலை.”

கோணியைக் கட்டிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தான்.

“பேரு யாருதோ, அவங்களுது,” என்றான் ஏழுமலை. “கடனும்தானே?”

நான் படித்த பேர். என் வாயில் வந்த பேர். அந்தக் காலையில் அவளுக்கு நான் படித்துக் கொடுத்ததெல்லாம் நிற்குமா? கடன் நின்றால் ஜப்தி வரும். ஜப்திக்காரன் முதலில் தூக்குவது பாத்திரத்தைத்தானே? கோணியில் கட்டி வைத்தது அவளுக்கா, பேங்க்குக்கா?

“மாடு எங்க?” என்றார் பெரியவர்.

அஞ்சலைதான் சொன்னாள். “பொம்பள பேர்ல கேட்டா மானியம் ஜாஸ்தின்னு இட்டுக்கினு போனாரு. ரேகை வெச்சேன். மாடு வந்துச்சி. ஒரு ஈத்து கறந்தேன். பொறவு மலைமேல ஓட்டினு போய் வித்துட்டாரு. பேங்க்காரன் அங்க ஏற மாட்டான்னு. அந்தத் துட்டுலதான் இந்தக் கெணத்த ஆழப்படுத்தினாரு.”

பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். “அப்போ மாடு கெணத்துல வுழுந்துட்ச்சின்னு சொல்லு.”

சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. “ஏம்மா, இந்தச் சட்டத்தச் சொன்னது நீதானே? இப்ப நா இன்னா பண்றது?”

பேங்க்கில் கேட்கலாம் என்றால் ரோடு இல்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்றாலும் ரோடு இல்லை. நாள் கடத்தவும் ஏழுமலை விடவில்லை. அவனுக்கு அடுத்த பெண் பார்த்தாகிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

அஞ்சலை அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, உளி வெச்சிகினு கீறீங்களா?”

“இருக்குது.”

“அப்ப வாங்க. அந்தக் கெணத்துச் செவுத்துல எம்பேர வெட்டுங்க. எம்பேர்ல வந்த மாடு அதுக்குள்ளதான கெடக்குது?”

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் மேலே பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

சுவரில் சிமென்ட் பூச்சு. பித்தளைக்குச் செய்த உளி. முனை போய்விடும். போனால் போகட்டும் என்று உட்கார்ந்து ‘அ’ வெட்டினேன். உளியில் தட்டு விழுகிற சத்தத்துக்குக் கூட்டம் நெருங்கி வந்தது. வீட்டுக்குள் போயிருந்த மாமியார் ஓடி வந்தாள்.

“டேய், பேர வெட்டிட்டா பாதிக் கெணறு அவளுதுடா! வர்றவ கேட்டா இன்னாடா சொல்லுவ?”

ஏழுமலை பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தான். “வாணாங்க! நிறுத்துங்க! கடன நானே கட்டிக்கிறேன்!”

பெரியவர் பார்வையைக் கீழே இறக்கினார். “எல்லாரும் கேட்டீங்கல்ல? எழுதுங்கப்பா.”

எழுதினார்கள். ஏழுமலை கையெழுத்துப் போட்டான். பெரியவரும் போட்டார். பேங்க்காரனுக்கு அந்தத் தாள் செல்லுமா? செல்லாது. அஞ்சலைக்கும் அது தெரிந்திருந்தது.

“தவணை கட்டின ரசீது மாசாமாசம் எங்கண்ணன் வூட்டுக்கு வரணும். ஒரு மாசம் தப்பினாலும் இந்தப் பேரு வெட்டுறவர கூட்டினு வருவேன். பாக்கி எழுத்த வெட்டிடுவாரு.”

கோணியைத் தலையில் தூக்கிக்கொண்டு அண்ணன் முன்னால் நடந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு அதே யோசனை. கடனுக்குப் பொண்டாட்டி பேர் வேண்டும். கிணற்றுக்கு வேண்டாம். ஏழு வருஷம் சேர்ந்து குடித்தனம் செய்தவன், கடனைக் கண்டு பயப்படவில்லை. நாலு எழுத்தைக் கண்டு பயந்தான். ஒரு பேருக்கு இவ்வளவு பயமா? இத்தனை வருஷமாக வெட்டுகிறேன் – எனக்கே தெரியாமல் போயிற்றே!

ஒன்று சொல்ல விட்டுப்போனது: நான் அங்கிருந்து கிளம்பும்போது ஏழுமலை என்னை ஓரமாகக் கூப்பிட்டான். அந்த ‘அ’வை அழித்துவிட்டுப் போகச் சொன்னான்.

அழிக்கிற வேலை எங்கள் தொழிலிலேயே கிடையாது என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினேன்.

பொய். பழைய பாத்திரம் வந்தால் பேரை அரத்தால் ராவி எடுப்பதுதான் பாய் கடையில் எனக்குப் பாதி வேலை.