சர்க்கரையில் பிடித்த இலந்தைப் பழங்கள்

ஐசிங் சர்க்கரையைப் பிசைந்து பூவும் பழமுமாகப் பிடிப்பது கை நோகிற வேலை. ஆபீஸில் நாள் முழுக்க டைப் அடிக்கிற விரல்களுக்கு இன்னும் நோகும். ஒரு நாள் லீவு எடுத்தவள் தூங்கியிருக்கலாம். பவானிபூர் வீட்டு அடுக்களையில் நின்று சர்க்கரை பிசைந்துகொண்டிருந்தேன்.

எல்லாம் மகளுக்காக. மெட்ராஸிலிருந்து வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் கட்டடத்துப் பெண்கள் ஒருத்தியும் அவளை விளையாடக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் அப்பாவுக்குக் கரக்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். சாயங்காலங்களில் அவளுக்கு நான், எனக்கு அவள். அந்த வருஷம் அவள் பிறந்தநாளுக்கு மறுநாள் சரஸ்வதி பூஜை. நமக்குப் புரட்டாசியில் முடிந்துபோவது இந்தப் பெங்காலிகளுக்கு வசந்தம் பிறக்கும்போது வரும். பெண்களெல்லாம் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு பந்தலுக்குப் போவார்கள். அந்தக் கும்பலில் இவளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்காகத்தான் அத்தனை பேரையும் பிறந்தநாளுக்கு அழைத்திருந்தேன்.

முட்டை போடாத கப் கேக். பாதி வேகும்போது கரெண்ட் போய், நடுவில் எல்லாம் அமுங்கிவிட்டன. ஜெலட்டின் எலும்பில் செய்வதாமே என்று, கடல்பாசியைக் காய்ச்சி ஊற்றிச் சர்க்கரையைப் பிசைந்தேன். அது கைக்கு அடங்காமல் வெடித்தது. திட்டிக்கொண்டே பிசைந்தேன். வசந்தத்துக்கு என்ன வைப்பது? காளிகாட் மார்க்கெட்டில் குவித்திருந்த இலந்தைப்பழம் நினைவுக்கு வந்தது. இங்கே அதற்குக் குல் என்று பெயர். கேசரிப் பவுடரில் மஞ்சள், துளி பச்சை, காம்புக்குக் கிராம்பு. பழமும் இலையுமாக ஒவ்வொரு கேக்கின் மேலும் உட்கார்த்தினேன். சும்மா சொல்லக்கூடாது, நிஜப் பழம் தோற்றுவிடும்.

பெண்கள் வந்தார்கள். தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் கை நீட்டவில்லை.

எல்லாருக்கும் பெரியவள்தான் வாயைத் திறந்தாள். இங்கே மாமிக்கு மாஷிமா. "மாஷிமா, பூஜைக்கு முன்னாடி குல் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டா பரீட்சையில ஃபெயிலாயிடுவோம்."

"இது வெறும் சர்க்கரைடீ" என்றேன், என் ஓட்டைப் பெங்காலியில். மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பழத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தின்னுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காரியம் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். மகளைப் பார்த்தேன். அவளாவது ஒன்றை எடுத்துக் கடிக்கக் கூடாதா?

"நானும் சாப்பிட மாட்டேம்மா" என்றாள். "இங்க எல்லாருக்கும் இது தெரியும். உனக்குத்தான் தெரியல."

பிறகு அவர்கள் பக்கம் திரும்பி மடமடவென்று பெங்காலியில் பேசினாள். தட்டை அப்படியே மூடி வைப்போம், நாளைக்குப் பந்தலில் சாமிக்குப் பூப்போட்டு அஞ்சலி முடிந்ததும் இங்கே வந்து சாப்பிடலாம் என்கிறாள் என்று புரிந்தது. அவள் இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. பெரியவள் சிரித்தாள். "அப்ப காலையில எங்களோடயே வந்துடு" என்றாள்.

மறுநாள் ஆபீஸுக்கும் பூஜை லீவு. என் மஞ்சள் புடவையை மடித்து, ஊக்குக் குத்தி அனுப்பினேன். மத்தியானம் எல்லாருமாகத் திரும்பி வந்தார்கள். சர்க்கரைப் பழம் கல்லாகியிருந்தது. கடக் கடக்கென்று கடித்துச் சிரிக்கிற சத்தம், பக்கத்து அறையில் படுத்திருந்த என் காதில் விழுந்தது. எழுந்து போய்ப் பார்க்க ஆசைதான், உடம்பில் தெம்பில்லை. யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை. எழுந்தபோது தட்டில் கேக் சுட்ட காகிதக் கிண்ணங்கள்தான் கிடந்தன.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜன்னலில் நின்று, சாப்பிட வாடி என்று குரல் கொடுத்தேன். கீழே கும்பலிலிருந்து, இதோ வருகிறேன் என்று பெங்காலியில் பதில் வந்தது. என்னிடம் அவள் பெங்காலியில் பேசியது அதுதான் முதல் தடவை. நான் வேண்டிக்கொண்டதுதான் நடந்திருந்தது. அன்றையிலிருந்து சாயங்காலங்களில் எனக்கு யாரும் இல்லை.