ஃபிரிட்ஜில் அப்பா

யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் என் அக்கா தேதியைப் பார்க்கமாட்டாள். தாளைத்தான் தடவிப் பார்ப்பாள். தேசிய ஆவணக் காப்பகத்தில் நைந்துபோன தாள்களைச் செப்பனிடுவது அவள் வேலை. எந்த இலாகாவின் கட்டோ அந்த இலாகாவின் அடுக்கில், வந்த வரிசை குலையாமல் இருக்க வேண்டும் என்பாள். வீட்டில் என் புடவைகளுக்கும் இதே சட்டம். உயிரை வாங்குவாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஒடியும் தாள்களை இரண்டு பிளாஸ்டிக் ஏடுகளுக்கு நடுவே வைத்துச் சூட்டு இயந்திரத்தில் அழுத்துவார்கள். இனிக் காலத்துக்கும் கவலையில்லை என்று மேலதிகாரிகள் சொன்னார்கள். அக்காவும் அழுத்தித் தள்ளினாள். அந்த நம்பிக்கையில்தான் அப்பாவின் படத்தையும் கொண்டுபோய் அழுத்தி வந்தாள். பஸ் கண்டக்டராக இருந்த அப்பா, சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் இருவரையும் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்த படம். அவர் கைபட்டது என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

போன மாதம் காப்பகத்தில் ஒரு பழைய பெட்டியைத் திறந்திருக்கிறாள். குப்பென்று வினிகர் வாடை. அவள் அழுத்திய தாள்கள் சுருண்டு, பழுத்துக் கிடந்தன. பிளாஸ்டிக்கே கெட்டு, அமிலமாகித் தாளைத் தின்றுகொண்டிருந்தது. அக்காவுக்கு உயிரே போய்விட்டது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடிவந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் படம் இருந்த பீரோவைத் திறந்தாள்.

அதே வாடை.

நான் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்; ஓரம் பழுத்திருந்தது.

“ஆபீஸ் தாளையெல்லாம் எப்படிக்கா காப்பாத்துவீங்க?”

“அசிட்டோன்ல ஊறவச்சா பிளாஸ்டிக் கரைஞ்சு வந்துடும். அந்தக் காலத்து மை அதுக்கு அசையாது.”

“அப்போ இதையும் ஊறவையேன்!”

“இது பால்பாயிண்ட்டி. அப்பா போட்ட கோடும் சேர்ந்து கரைஞ்சிடும்.”

“சும்மா விட்டா?”

“தாள் பொடியாயிடும்.”

“போட்டோ எடுத்து வச்சுக்கலாமே?”

“எடுக்கலாம். அதுல அப்பா கை படலையே.”

ஊர்ப்பட்ட காகிதத்துக்கெல்லாம் வழி இருக்கிறது, எங்கள் ஒற்றைத் தாளுக்கு மட்டும் இல்லையாம். என்னால் நம்பவே முடியவில்லை. யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது?

காப்பகத்தில் முறை வரும்வரை அந்தத் தாள்களைக் குளிர் அறையில் வைக்கிறார்கள். குளிரில் கெடுவது மெதுவாகுமாம். அக்கா படத்தை உறைக்குள் பொதிந்து, எங்கள் ஃபிரிட்ஜின் மேல் தட்டிலிருந்த காய்களை அள்ளி வெளியே வைத்தாள்.

இப்போதும் பால் எடுக்கத் திறக்கும்போதெல்லாம், வினிகர் வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்த்தபடி நின்றுவிடுகிறேன். பின்னாலிருந்து அக்கா கத்துகிறாள்.

“சீக்கிரம் மூடுடி, அப்பாவுக்குச் சூடு பட்டுடப் போகுது!”